கடல் கடந்த தொழில் கரை திரும்புங்கால்

(பழவேற்காட்டில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

    

இக்கூட்டத்தில் யாதேனும் ஒரு பொருள்பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தபொழுது, நெய்தல் நிலத்தையும் பரதவர் வாழ்க்கையையும் குறித்துப் பழந்தமிழ் நூல்கள் கூறுவனவற்றை யான் எடுத்துரைப்பேன் என்றே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் எனக்கு அஃது எளிய பணியும் ஆகும். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி என் கருத்தை வேறு வழியிற் செலுத்திவிட்டது.

நம் குப்பத்துத் தந்தையார் ஒருவர், மகன் மேல்நிலைத் தேர்வில் தேறிய செய்தியைச் சொல்ல என் இல்லம் வந்தார். செய்தி சொல்லி முடிந்த பின்னும் அவர் எழவில்லை. சற்று நேரம் கழித்து, “ஐயா, வெளிநாட்டுக்குப் போன ஆலைகளெல்லாம் இப்போது திரும்பி வருகின்றன என்று சொல்கிறார்களே, நான் பையனை வலைக்கு அனுப்பட்டுமா, ஆலைக்கு அனுப்பட்டுமா?” என்று வினவினார். எனக்கு உடனே விடை தோன்றவில்லை. “யோசித்துச் சொல்கிறேன்” என்று கூறி அவரை அனுப்பினேன். இன்று யான் பேசப்போவது அவருக்குச் சொல்லக் கடமைப்பட்ட விடையே ஆகும். அவரும் இவ்வவையில் இருக்கிறார்.

முதற்கண் பொருளை விளக்கிக்கொள்வோம். ஒரு நாட்டில் முதல் உடையவன், தன் பண்டத்தைத் தன் ஊர்த் தொழிலாளியைக்கொண்டு செய்வியாமல், கூலி குறைந்த பிற நாட்டிற் செய்வித்து, செய்த பண்டத்தைத் தன் நாட்டிற்குத் தருவித்து விற்கின்றான். இதுவே வெளிநாட்டிற் செய்வித்தல். இம்முறை சென்ற ஐம்பதாண்டுகளில் பெருகியதற்குக் காரணங்கள் பல. கூலி வேறுபாடு ஒன்று. 1956-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கப்பலொன்று இரும்புப் பெட்டிகளில் சரக்கை அடைத்து ஏற்றிச் சென்றது முதலாகப் பரவிய கன்டெய்னர் முறை மற்றொன்று. மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்றிய காலத்துச் செலவு அதனால் மிகக் குறைந்தது. நாடுகள் சுங்க வரிகளைத் தளர்த்தியது மூன்றாவது. இவை கூடியதால், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த ஆலைத்தொழில் சீனம், வியட்நாம், வங்காளதேசம், நம் நாடு ஆகிய இடங்களுக்குப் பெயர்ந்தது. இப்பொழுது அந்நாடுகளே, “போன தொழிலை மீட்போம்” என்று முழங்குகின்றன.

இஃது ஏதோ தொலைநாட்டுச் செய்தி என்று எண்ணற்க. தொழில் கடல் கடத்தல் என்பதை உலகில் முதலில் அறிந்த ஊர்களுள் நம் பழவேற்காடும் ஒன்று.

ஒல்லாந்தர் 1613-இல் இங்கே கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1690-இல் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்திற்கு மாற்றுமளவும் சோழமண்டலக் கரை வாணிகத்தை இங்கிருந்தே ஆண்டனர். அவர்கள் இவ்வூரை நாடி வந்தது நம் மீனுக்காக அன்று, துணிக்காக. கீழ்த்திசைத் தீவுகளின் சாதிக்காயும் கிராம்பும் பொன்னைக் காட்டிலும் நம் கரைத் துணிக்கே எளிதில் கிடைத்தன. சாயவேரைக்கொண்டு ஏற்றிய சிவப்புச் சாயமும், கட்டங்கள் அமைந்த நெசவும் இத்துணிகளின் சிறப்பு. இவ்வூர்ப் பெயர் துணியின் பெயராகவே உலகிற் பரவியது. மலாய் நாட்டில் ஆடவர் உடுக்கும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘பெலிக்காட்’ என்று பெயர். மெக்சிகோ நாட்டில் கழுத்திற் கட்டும் கைக்குட்டையை ‘பாலியகாத்தே’ என்கின்றனர். அச்சொல்லும் நம் ஊர்ப் பெயரினின்று பிறந்ததென்றே அறிஞர் பலர் கருதுவர். ஸ்காட்லாந்து நாட்டு மொழியகராதியில் ‘புல்லிகேட்’ என்னும் சொல் வண்ணக் கைக்குட்டைக்குப் பெயராக நிற்கின்றது.

அத்துணியை நெய்தவர் நெசவுக் குலத்தார். எனினும் நெய்த துணிப்பொதியை அலை கடந்து கப்பலிற் சேர்த்தவர் இக்கரையின் கடல் மாந்தரே. ஆழமற்ற இத்துறையிற் கப்பல் கரையணைய இயலாது. ஆகலின் பொதியை ஏற்ற ஓடமும் அதனைச் செலுத்தும் கையும் வேண்டியிருந்தன. எனவே நெசவு தழைத்த நாளில் ஓடக்காரனும் தழைத்தான். நெசவு போன நாளில் அவன் கூலியும் போயிற்று. ஒருவன் தொழில் போனால் அவனோடு போவது அவன் தொழில் மட்டும் அன்று என்பதை இதனால் அறிக. கோட்டையின் பெருமை பேசுங்கால் ஒன்றை மறத்தலும் கூடாது: அக்கோட்டைத் துறையிலிருந்து துணி மட்டும் ஏற்றப்படவில்லை; 17-ஆம் நூற்றாண்டில் வறியவர் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தேவியாவுக்கு ஏற்றப்பட்டனர்.

இனி, அத்தொழில் சென்ற வழியைக் காண்போம். 1700-லும் 1721-லும் இங்கிலாந்துப் பாராளுமன்றம் இந்தியாவின் வண்ணத் துணிகளைத் தம் மக்கள் உடுத்தலாகாதென்று சட்டம் செய்தது. தம் நெசவாளர் கை பழகுமளவும் கதவடைத்து வைத்தது என்க. பிறகு நூற்கும் பொறியும் நெய்யும் பொறியும் தோன்றின. 1785-இல் கிளாஸ்கோ நகரத்தார் பிரான்சு தேசத்திலிருந்து ஒரு சாயக்காரரை வருவித்துச் சிவப்புச் சாயச் சாலை அமைத்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் அந்நகரைச் சூழ்ந்த ஊர்களில் ‘புல்லிகேட்’ கைக்குட்டைகள் நெய்யப்பட்டன. நம் ஊர்ப் பெயர் அங்கே இருந்தது. நம் ஊர்க் கை அங்கே இல்லை. 1868-இல் செருமானிய வேதியியலார் இருவர் சிவப்புச் சாயத்தைக் கீலெண்ணெயினின்று ஆக்கும் வழி கண்டனர். அத்துடன் சாயவேர் தோண்டியோர் பிழைப்பும் தேய்ந்தது. உலக ஆலைப்பொருள் உற்பத்தியில் இந்தியாவின் பங்கு 1750-இல் நூற்றுக்கு 24 அளவில் இருந்து, 1900-இல் நூற்றுக்கு 2-க்கும் கீழே இறங்கியதென்று பைரோக் என்னும் பொருளியல் வரலாற்று அறிஞர் கணித்தார். இவ்வூர் 1825-இல் இறுதியாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது; இங்கிருந்த கோட்டையோ இடிந்தது. இன்று அங்கே இருப்பவை மேடும் முட்புதருமே.

போன தொழில் திரும்பியதா எனின், திரும்பியது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிற் சென்னைப் பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்னும் இரு பெரும் பஞ்சாலைகள் எழுந்தன. மான்செஸ்டரிலிருந்து வந்த துணிக்கு மாற்றாக இங்கேயே ஆலைத்துணி பிறந்தது. ஆனால் யார் வீட்டிற்குத் திரும்பியது? தறி இழந்த நெசவாளன் வீட்டிற்கு அன்று. அவன் தறிக்கு உடையவனாய் இருந்தான். ஆலைக்கு வந்தவனோ கூலிக்கு உடையவனாய் இருந்தான். கூலியும் நேரமும் நெறிப்படுதற்காக 1918-இல் வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் துணையுடன் அத்தொழிலாளர் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைக்க வேண்டியிருந்தது. அவ்வாலைகளும் 1996-இல் மூடப்பட்டன. எனவே நாம் கொள்ள வேண்டிய முதற் பாடம் இது: தொழில் திரும்புங்கால் போன உருவில் திரும்புவதில்லை, போனவர் கைக்கும் திரும்புவதில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்க நாட்டில் ஆலைத்தொழில் செய்தோர் தொகை 1979-இல் ஏறக்குறைய 1 கோடியே 95 இலட்சம். 2010-இல் அது 1 கோடியே 15 இலட்சம் அளவிற் குறைந்தது. பல ஊர்கள் வெறிச்சோடின. 2020-இல் பெருந்தொற்றுப் பரவியபொழுது, முகமூடிக்கும் மருந்துக்கும் கூடப் பிற நாட்டை நோக்கி நிற்க வேண்டிய நிலையை அந்நாட்டார் கண்டு அஞ்சினர். 2022-இல் கணினிச் சில்லுகளைத் தம் நாட்டிலேயே செய்வோர்க்குப் பொருளுதவி வழங்கச் சட்டம் செய்தனர். 2025-இல் குடியரசுத் தலைவர் டிரம்பு பிற நாட்டுச் சரக்கின்மேற் பெருவரி விதித்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நம் நாட்டுச் சரக்குக்கு வரி நூற்றுக்கு 50 ஆகவே, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர் கலங்கியதை நாளிதழ்களில் நாம் படித்தோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்து செய்ததை இன்று அமெரிக்கா செய்கின்றது. கதவடைத்தல் பழைய உபாயமே.

கதவடைத்தால் தொழில் திரும்புகின்றதா? இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுவேன். அடிடாஸ் என்னும் செருமானியக் காலணி நிறுவனத்தார், ஆசியாவிற் செய்வித்து வந்த காலணியைத் தம் நாட்டில் அன்ஸ்பாக் என்னும் ஊரிலும், பின்னர் அமெரிக்காவில் அட்லாண்டா நகரிலும் பொறிகளைக்கொண்டே விரைந்து செய்யும் ஆலைகளை அமைத்தனர். உலகம் வியந்தது. ஆனால் 2019 நவம்பரில் அவ்விரண்டையும் மூடப்போவதாக அறிவித்து, அப்பொறி நுட்பத்தை ஆசியாவிலுள்ள ஆலைகளுக்கே அளித்துவிட்டனர். மற்றொன்று: 2017-இல் பாக்ஸ்கான் என்னும் தைவான் நிறுவனம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 13,000 பேர்க்கு வேலை தருவதாக வாக்களித்தது. ஆலைக்கென நிலம் எடுக்கப்பட்டது. குடியிருந்தோர் வீடுகளை விட்டு நீங்கினர். 2021-இல் அவ்வாக்கு 1,454 பேர் என்று சுருங்கியது. வாக்களித்த வேலை வாராமற் போகலாம். எடுத்த நிலமோ எடுத்ததே.

அதே பாக்ஸ்கான் நிறுவனம் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூரிற் பல்லாயிரம் பெண்களுக்கு வேலை தந்து ஐபோன் கருவிகளைச் செய்விக்கின்றது. சீனத்திற் செய்யப்பட்டு வந்த வேலையின் ஒரு பகுதியே இங்கு வந்துள்ளது. நம் மகளிர் தம் பெயரிற் சம்பளம் வாங்குதல் சிறிய நன்மை அன்று. அதனை நான் மனமார வரவேற்கிறேன். ஆயினும் 2021 டிசம்பரில் விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் நோயுற்று, அவர்தம் தோழியர் பெருஞ்சாலையில் அமர்ந்து மறித்த பின்னரே விடுதிகளின் சீர்கேடு வெளிவந்தது. அதன்பின்பு அரசினர் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் இல்லங்களைக் கட்டி 2024-இல் திறந்தனர். கேட்டால் கிடைக்கும், கேளாதவரை கிடைப்பதில்லை.

அதே திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தின் கதையையும் நோக்குவோம். பின்லாந்து நாட்டினர் அவர். 2008-இல் செருமனியின் போகும் நகரத்து ஆலையை மூடி உருமேனியாவுக்குச் சென்றனர். 2011-இல் உருமேனியாவையும் விட்டனர். 2012-இல் தம் தாய்நாட்டுச் சாலோ நகரத்திலேயே கைப்பேசி செய்தலை நிறுத்தினர். இங்கே 2006-இல் தொடங்கிய ஆலை ஒருகாலத்தில் 8,000 பேர்க்கு வேலை தந்து, 2014 நவம்பர் 1-ஆம் நாள் மூடப்பட்டது. ஐந்து ஆண்டுகள் அக்கட்டிடம் வெறுமையாய்க் கிடந்தது. பிறகு, அதே பின்லாந்து நாட்டிற் பிறந்த சால்காம்ப் என்னும் சார்ஜர் செய்யும் நிறுவனம் அதனை ஏற்றது. கட்டிடத்திற்கு வேலை திரும்பியது. 2014-இல் இருபத்தைந்து வயதில் வெளியேறியவனுக்கோ, ஆலை திறந்தபொழுது முப்பது கடந்திருந்தது. புதிய ஆலையோ இளையோரைத் தேடிற்று.

மறைமலைநகர் போர்டு கார் ஆலையின் செய்தியும் அத்தகையதே. 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவித்தனர். 2022-இல் இறுதிக் கார் வெளிவந்தது. ஏறக்குறைய 2,600 தொழிலாளர் ஈட்டுத்தொகை பெற்று நீங்கினர். 2024-இல் மீள வருவோம் என்றனர். 2025 அக்டோபரில் 3,250 கோடி ரூபாய் முதலில் எஞ்சின் செய்யப்போவதாக அரசினரோடு உடன்படிக்கை செய்தனர். அதனாற் கிடைக்கும் என்று கூறப்பட்ட வேலை சுமார் 600. போனது மரக்கால், திரும்புவது உழக்கு. பொறி பெருகுந்தோறும் ஆள் குறைதல் இக்காலத்து இயற்கை ஆகும்.

நம் வாயிலருகே நிகழ்வதையும் சொல்ல வேண்டும். தெற்கே காட்டுப்பள்ளியில் உள்ள கப்பல் கட்டும் தளத்திற்கு 2022 ஆகஸ்டில் ‘சார்லஸ் டிரூ’ என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. அந்நாட்டுக் கடற்படைக் கப்பல் இந்தியாவிற் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதன்முறை. 2024-இல் இங்கிலாந்தின் துணைக்கப்பல்கள் இரண்டும் அங்கே வந்தன. முன்னொரு நாள் நம் ஊர்ப் பெயரைத் துணியோடு கொண்டு சென்றவர், இன்று தம் கப்பலைச் செப்பனிட நம் கரைக்குக் கொணர்கின்றனர். இதிற் பெருமை உண்டு. ஆனால் நம் குப்பத்துப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் அங்கே பற்றவைக்கும் தொழிலும் குழாய்த்தொழிலும் மின்தொழிலும் முறையாகக் கற்றுச் செல்கின்றனர்? எத்துணைப் பேர் காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டும் செல்கின்றனர்? இவ்வினாவை நாம் பிறரிடம் கேட்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஈண்டு என் மாணாக்கர் ஒருவர் செய்தியைக் கூற விரும்புகிறேன், பெயர் கூறேன். அவர் வகுப்பிற் கூர்மையானவர். பதினெட்டு வயதில் ஓர் ஆலையில் ஒப்பந்த வேலைக்குச் சென்றார். திங்கள்தோறும் பணம் வந்தது. வீட்டில் மகிழ்ச்சி. ‘இனிப் பையன் கடலுக்கு வரப்போவதில்லை’ என்று தந்தையார் படகையும் வலையையும் விற்று மகளை மணம் செய்து கொடுத்தார். ஏழாம் ஆண்டில் அவ்வாலையில் ஆட்குறைப்பு நேர்ந்தது. அவர் ஊர் திரும்பி, பிறர் படகிற் கூலியாய் ஏறினார். ஒருநாள் படகுத்துறையில் என்னைக் கண்டு, “ஐயா, ஏழு வருடமாக ஒரே ஒரு திருகாணியை முடுக்கத்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தத் திருகாணி வேறு ஊருக்குப் போய்விட்டது. வலை பின்னவும் கை மறந்துவிட்டது” என்றார். எனக்கு மறுமொழி கூற நா எழவில்லை. “தம்பி, முப்பது வயது ஒரு வயதா?” என்று மட்டும் சொன்னேன். அவர் சோர்ந்து கிடக்கவில்லை. பொன்னேரியில் ஒரு பட்டறையில் ஓராண்டு சம்பளமின்றி இருந்து படகு இன்ஜின் பழுதுபார்க்கக் கற்றார். இன்று பைபர் படகுக்காரர் அவரைத் தேடி வருகின்றனர். அவர் கையைக் காத்தது பின்னர்க் கற்ற தொழிலே.

அன்பர்களே! வேலையைப் பங்கிடுவது எங்ஙனம் என்பதை நாம் பிறரிடம் சென்று கற்க வேண்டுவதில்லை. நம் ஏரியிற் பாட்டு முறை இருக்கின்றது. இறால் மிகும் இடங்கள் சில. வலை வீசுவோர் பலர். முந்தியவன் கொள்க என்றால் வலியவன் கொள்வான். நாள்தோறும் சண்டை விளையும். ஆகவே கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் என்னும் மூன்று ஊர்ப் பெரியோரும் கூடி, தலைக்கட்டு எண்ணி, முறை வைத்து, இன்ன நாள் இன்னார் பாடு என்று வகுத்தனர். சுத்து வலையோடு செல்பவன் தன் நாளில் தன் இடத்தில் நிற்பான். மறுநாள் மற்றவனுக்கு விடுவான். முடவனாயினும் ஏழையாயினும் தலைக்கட்டு உடையவனுக்குப் பங்கு உண்டு. இம்முறையிற் குறையும் உண்டு. பங்கு பெறாத பிற குப்பத்தாரும் பிற வகுப்பாரும் மனம் நொந்ததையும், அதனால் வழக்குகள் எழுந்ததையும் மறைத்தல் அறமாகாது. ஆயினும் இதன் உட்கருத்தைக் காண்க: பங்கு வருமுன்னரே முறை வகுத்தல், யார், எப்பொழுது, எவ்வளவு என்பதை அனைவரும் அறிய உரைத்தல்.

ஆலை வேலைக்கும் நாம் இவ்வாறே முன்கூட்டி முறை கேட்க வேண்டும். வேலை தருவோம் என்று வருவோரிடம் நம் நாட்டாரும் சங்கத்தாரும் நான்கு வினாக்களைக் கேட்க வேண்டும். ஒன்று: இவ்வேலை இவ்வூரில் யாருக்கு, எத்துணைப் பேர்க்கு? இரண்டு: எத்துணைக் காலத்துக்கு, நிலையான வேலையா, ஒப்பந்த வேலையா? மூன்று: செல்பவன் கை அங்கே என்ன கற்கும், ஆலை மூடினும் அக்கல்வி அவனுக்குப் பயன்படுமா? நான்கு: ஆலை மூடினால் திரும்பி வர ஏரி இருக்குமா? இவற்றிற்கு விடை வாய்ச்சொல்லாக இருத்தல் போதாது. எழுத்தில் இருத்தல் வேண்டும்.

நான்காவது வினாவே நமக்கு உயிர் போன்றது. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஏறக்குறைய 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் நம்முன் வைக்கப்பட்டது. 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்ட பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. தொழில் வளர்வதை வேண்டாமென்று கூறுவேன் அல்லேன். ஆனால் கணக்கு ஒன்று உண்டு. ஓர் ஆலை எட்டாண்டும் இருக்கலாம், நூறாண்டும் இருக்கலாம். அது தொலைவிலிருந்து எண்ணுவோன் எண்ணத்தைப் பொறுத்தது. இவ்வேரியோ ஒல்லாந்தர் வருமுன்னும் இருந்தது, அவர் போன பின்னும் இருந்தது. துணித்தொழில் போன பிறகும் நம் முன்னோர் பட்டினியால் மாயாமல் இங்கேயே குடியிருந்தனரே, அஃது எதனால்? முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுந்ததனாலும், அந்நீரோடு இறால் வந்ததனாலும் அன்றோ? நெசவாளனுக்குத் தறி போனபின் மீள ஓர் இடம் இல்லை. நமக்கு ஏரி இருந்தது. மீள இடம் உடையவனே கூலி பேச வல்லவன். அவ்விடம் அற்றவன் கொடுத்ததை வாங்குவான்.

இனி நாம் செய்யத்தக்கன சிலவற்றைச் சங்கத்தின் முன் பணிவுடன் வைக்கிறேன். பத்தாம் வகுப்போடு நிற்கும் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் எழுதி வைத்து, அரசினர் தொழிற்பயிற்சி நிலையத்திற் சேர்க்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். ஆலைக்குச் செல்லும் பெண்களின் விடுதியை ஆண்டுக்கு இருமுறையேனும் தாய்மார் சிலர் கூடிச் சென்று பார்த்து வர வேண்டும். வேலைக்குச் சென்ற மகனை நம்பி உடனே படகை விற்றல் கூடாது. உடன்பிறந்தாரோ பங்காளியோ அதனை ஓட்டுமாறு செய்க. விடுமுறைக்கு வரும் பிள்ளை இரண்டு நாளேனும் ஏரியில் இறங்கட்டும்; கை மறவாதிருக்கும். நிபந்தனை கேட்கச் செல்லுங்கால் நம் குலத்தார் மட்டும் செல்லாது, ஏரியை நம்பிய எல்லாக் குப்பத்தாரையும், பனையோலைக் கூடை முடையும் இவ்வூர் இசுலாமியத் தாய்மாரையும் உடன் அழைத்துச் செல்க. தனித்துச் செல்பவனுக்குத் தனி விடையே கிடைக்கும்.

இனி அத்தந்தையாருக்கு என் விடை. ஐயா, உங்கள் மகனை ஆலைக்கு அனுப்புங்கள். ஆனால் வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். முதலில் ஒரு தொழிலை முறையாகக் கற்பித்து, அதன்பின் அனுப்புங்கள். எழுதிய தாளைப் படித்துக் கையொப்பமிடச் சொல்லுங்கள். படிக்க இயலாத தாளாயின் என்னிடம் கொண்டு வாருங்கள். படகை விற்காதீர்கள். நம் ஊரை விட்டுச் சென்ற தொழில் இருநூறு ஆண்டுகளுக்குப்பின் வேற்றுருவில் வாயிலில் வந்து நிற்கின்றது. அதனை வரவேற்போம், நாளை அது மீண்டும் எழுந்து செல்லுமாயின், நம் பிள்ளைகள் நிற்பதற்கு நீரும், செய்வதற்குக் கைத்தொழிலும் இருக்குமாறு இன்றே பார்த்துக்கொள்வோம்.